ஈர்ப்பலையும் முற்கோளும்

பழைய ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியோர் ஒரு செய்தியை நன்கு அறிவர். அவற்றில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு இராது. அரபு எழுத்தின் மிகப் பழைய படிகளிலும் இதே நிலைதான். பே, தே, ஸே என்னும் மூன்றெழுத்துகளும் புள்ளிகளால் மட்டுமே வேறுபடுவன. புள்ளி நீங்கினால் மூன்றும் ஒரே கோடு. அத்தகைய ஏட்டைப் படிப்பவர் கண்ணால் மட்டும் படிப்பதில்லை. அவ்விடத்தில் எந்தச் சொல் வரக்கூடும் என்னும் எதிர்பார்ப்பையும் உடன்கொண்டே படிக்கிறார். எழுத்துத் தெளிவாயிருக்கும் இடத்தில் அந்த எதிர்பார்ப்புக்கு வேலையில்லை. ஏடு செல்லரித்த இடத்தில்தான் அது முன்வந்து சொல்லைத் தீர்மானிக்கிறது.

வானநூலார் 2015ஆம் ஆண்டு முதல் படித்துவரும் ஈர்ப்பலைகளும் இத்தகைய ஏடுகளே. கண்ணுக்குப் புலப்படாத கருந்துளைகள் இரண்டு ஒன்றையொன்று சுற்றி மோதி ஒன்றாகும்போது எழும் அதிர்வே ஈர்ப்பலை. அது பூமியை அடையும்போது மிக நொய்ந்து, கருவியின் சொந்த இரைச்சலில் பாதி மறைந்து வருகிறது. அதிலிருந்து கருந்துளையின் நிறை இவ்வளவு, சுழற்சி இவ்வளவு, தொலைவு இவ்வளவு என்று நாம் நாளிதழில் படிக்கிறோம். அவ்வெண்களில் வானம் சொன்னது எவ்வளவு, படிப்பவரின் எதிர்பார்ப்புச் சொன்னது எவ்வளவு? இவ்வினாவின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் காண முற்படுகிறோம்.

பாதிரியாரின் மேசை

வினாவின் வேர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. தாமஸ் பேய்ஸ் என்னும் பாதிரியார் 1761இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தாள்களிடையே ஒரு கணிதக் கட்டுரை கிடைத்தது. நண்பர் ரிச்சர்டு பிரைஸ் அதைச் செம்மைப்படுத்தி அனுப்ப, 1763இல் அது இலண்டன் ராயல் சங்கத்தில் படிக்கப்பட்டது. பேய்ஸ் கற்பனை செய்தது ஒரு சமதளமான மேசை. அதன்மேல் ஒரு பந்து உருட்டப்படுகிறது. அது நின்ற இடம் நமக்குத் தெரியாது. பின்னர் வேறொரு பந்து பலமுறை உருட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அது முதற்பந்து நின்ற இடத்துக்கு இடப்புறம் நின்றதா, வலப்புறம் நின்றதா என்பது மட்டும் சொல்லப்படுகிறது. இதைக் கொண்டு முதற்பந்தின் இடத்தை ஊகிக்க வேண்டும்.

பேய்ஸ் காட்டிய வழி இதுதான்: தொடங்குமுன் நமக்குள்ள எதிர்பார்ப்பை எண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு புதுச்செய்தியும் வரவர அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்துக்குரிய அந்த எதிர்பார்ப்பை இக்கட்டுரையில் 'முற்கோள்' என்று வழங்குவோம். மேசையின் எந்த இடத்திலும் பந்து நிற்கும் வாய்ப்புச் சமம் என்பது பேய்ஸ் கொண்ட முற்கோள். அது பொருத்தமானதே, மேசை சமதளமாயின். அரபு அளவைநூலார் 'ளன்னு' என்னும் மேலோங்கிய எண்ணத்தையும் 'யகீன்' என்னும் உறுதியையும் பிரித்துக் காட்டுவர். பேய்ஸின் கணக்கு ளன்னுவுக்கு ஓர் அளவுகோல் தருவது. அதை யகீன் ஆக்கித் தருவதன்று.

இந்த வேறுபாட்டை மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் ஒரு சான்று. அவர் 1774இல் இதே முறையைத் தாமாகவே கண்டு, வானநூலுக்குப் பயன்படுத்தினார். சனிக்கோளின் நிறை சூரியன் நிறையில் 3512இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டு, அதில் நூறில் ஒரு பங்குக்கு மேல் பிழை இராது என்பதற்கு 11,000க்கு 1 என்று பந்தயம் கட்டலாம் என்றார். இன்றைய அளவு ஏறக்குறைய 3498. லாப்லாஸ் வென்றார். வியாழனுக்கு 1070இல் ஒரு பங்கு என்றார். அங்கே பந்தயம் பத்து இலட்சத்துக்கு ஒன்று! இன்றைய அளவோ 1047. பிழை நூறில் இரண்டு பங்குக்கும் மேல். குறைந்த உறுதியுடன் சொன்னது நின்றது. மிகுந்த உறுதியுடன் சொன்னது வீழ்ந்தது. பந்தயக் கணக்கு, கையிலிருந்த பதிவுகளும் கோட்பாட்டுச் சமன்பாடுகளும் குற்றமற்றவை என்னும் அடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்டிருந்தது. அடித்தளம் அசைந்ததா என்று அந்தக் கணக்கால் சொல்ல இயலாது.

வெபரின் உருளைகள்

ஈர்ப்பலை உண்டென்பதை ஐன்ஸ்டைன் 1916இல் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டிலிருந்து வருவித்தார். அதைப் பிடிக்க முதலில் கருவி செய்தவர் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வெபர். பெரிய அலுமினிய உருளைகளை அதிர்வு தாக்காமல் தொங்கவிட்டு, ஒன்றை மேரிலாந்திலும் ஒன்றை சிகாகோ அருகிலுள்ள ஆர்கானிலும் வைத்தார். இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் அது வானத்திலிருந்து வந்த அலை என்பது அவர் கருத்து. 1969இல், அலைகளைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்.

உலகின் பல ஆய்வுக்கூடங்கள் அதேபோன்ற உருளைகளை அமைத்துக் காத்திருந்தன. எவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. வெபரின் பதிவுகளை ஆராய்ந்தபோது குறை தெரிந்தது. எவ்வளவு துடிப்பைத் துடிப்பென்று கொள்வது என்னும் எல்லையை அவர் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளவில்லை. ஒரு சமயம், ராச்செஸ்டர் நகரத்துக் கருவியோடு தம் கருவி ஒத்துத் துடித்ததாகக் காட்டினார். பின்னர்தான் இரு பதிவுகளின் கடிகாரங்களுக்கும் நான்கு மணிநேர வேறுபாடு இருந்தது தெரியவந்தது. ஒத்திராத இரு பதிவுகளில் ஒற்றுமையைக் கண்டது கருவியன்று, எதிர்பார்ப்பே. வெபர் நேர்மையற்றவர் அல்லர். 2000இல் மறையும்வரை தம் கண்டுபிடிப்பை நம்பியே வாழ்ந்தார். இத்துறைக்கு வித்திட்ட பெருமையும் அவருக்கே உரியது. ஆயினும், எதிர்பார்ப்பை வெளியே எழுதி வைக்காவிட்டால் அது உள்ளே இருந்துகொண்டு வேலை செய்யும் என்னும் பாடத்தை அவருடைய உருளைகள் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்றன.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14

அப்பாடத்தை லைகோ குழுவினர் நன்கு கற்றிருந்தனர். அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்னும் ஈரிடங்களில் 4 கிலோமீட்டர் நீளக் கைகளையுடைய கருவிகளை அமைத்தனர். அக்கைகளில் ஓடும் லேசர் ஒளி, ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமாற்றத்தையும் காட்டவல்லது. 2010 செப்டம்பரில் பொறுப்பாளர் சிலர் ஒரு பொய்யான அலையைப் பதிவுக்குள் இரகசியமாகச் செலுத்தினர். குழுவினர் மாதக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரையும் எழுதி முடித்த பின்னர், 2011 மார்ச்சில் உறையைப் பிரித்து, அது தாங்கள் இட்ட அலையே என்று அறிவித்தனர். ஆசை அறிவை மயக்குகிறதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொண்ட செயல் அது.

2015 செப்டம்பர் 14 அன்று உண்மையான அலை வந்தது. லிவிங்ஸ்டனை அடைந்து 7 மில்லி செகண்டு கழித்து ஹான்ஃபோர்டை அடைந்தது. கேட்ட நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. வெபரின் பிழை நேராதிருக்க, இரு கருவிகளின் 16 நாள் பதிவுகளையும் வேண்டுமென்றே காலம் மாற்றிப் பலவாறு பொருத்திப் பார்த்தனர். வெறும் இரைச்சல் இப்படி ஒத்துவர 2,03,000 ஆண்டுகளில் ஒருமுறைகூட வாய்ப்பில்லை என்று கண்டனர். 2016 பிப்ரவரி 11 அன்று உலகுக்கு அறிவித்தனர்: சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இணைந்தன, பிறந்த கருந்துளை 62 மடங்கு, எஞ்சிய 3 சூரியன்களின் நிறை அலையாய்ப் பரவியது.

அலை வந்ததா என்னும் வினா வேறு. வந்த அலை என்ன சொல்கிறது என்னும் வினா வேறு. இரண்டாவது வினாவில்தான் பேய்ஸின் மேசை திரும்ப வருகிறது. லைகோ குழுவினர் தம் முற்கோள்களை வெளிப்படையாகவே எழுதினர். நிறை 10 முதல் 80 வரை எதுவாயினும் வாய்ப்புச் சமம். சுழற்சியின் அளவு எதுவாயினும் சமம். அதன் அச்சு எத்திசை நோக்கினும் சமம். விண்வெளியின் ஒவ்வொரு கனஅளவிலும் இணைகள் சமமாகப் பரவியுள்ளன. கேட்பதற்கு நடுநிலையான கூற்றுகளாகத் தோன்றும். ஆயினும் 'எதுவாயினும் சமம்' என்பதும் ஒரு கருத்தே. ஒவ்வொரு கருந்துளையின் நிறைக்கும் சம வாய்ப்பளித்தால், அவற்றின் விகிதத்துக்குச் சம வாய்ப்பு அமையாது. தொலைவிலுள்ள கோளக்கூடு பெரிதாகையால், கனஅளவைச் சமமெனக் கொண்டால் தொலைவான இடமே முன்கூட்டி மிகுந்த வாய்ப்பைப் பெறும். எவ்விதச் சாய்வுமின்றித் தொடங்குவது என்பது இக்கணக்கில் இயலாத காரியம்.

2015ஆம் ஆண்டின் அலை வலுவானது. முற்கோளை மாற்றினாலும் நிறைகள் பெரிதும் மாறவில்லை. எழுத்துத் தெளிவாயிருந்த ஏடு அது. செல்லரித்த ஏடு நான்காண்டு கழித்து வந்தது.

நான்கே அதிர்வுகள்

பெருவிண்மீனின் முடிவை அதன் நிறையே தீர்மானிக்கிறது என்னும் ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்களுள், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒருவர். 1960களில் அவ்வாராய்ச்சி வியப்பான ஒரு முடிவை அடைந்தது. மிகப் பெரிய விண்மீன்களின் உட்பகுதி அளவிறந்து வெப்பமுறும்போது, அங்குள்ள ஒளியே எலெக்ட்ரான், பாசிட்ரான் என்னும் இணைத்துகள்களாக மாறும். விண்மீனைத் தாங்கி நிற்கும் ஒளியின் அழுத்தம் குறையும். உள்ளகம் சுருங்கித் தீப்பற்றி, விண்மீன் முழுவதும் சிதறிப்போகும். கருந்துளை எதுவும் எஞ்சாது. ஆகவே சூரியனைப்போல் ஏறக்குறைய 65 மடங்குக்கும் 120 மடங்குக்கும் இடையில், விண்மீன் இறந்து பிறக்கும் கருந்துளை இருத்தல் கூடாது. கோட்பாடு வரைந்த வெற்றிடம் இது.

2019 மே 21 அன்று லைகோவும் இத்தாலியிலுள்ள விர்கோவும் ஓர் அலையைக் கேட்டன. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். ஏறத்தாழ நான்கே அதிர்வுகள். 2020 செப்டம்பரில் வெளியான முடிவு: இணைந்தவை 85, 66, பிறந்தது 142. அதாவது பெரிய கருந்துளை வெற்றிடத்தின் நடுவே நிற்கிறது. அது 65க்குக் கீழே இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 0.32 மட்டுமே என்றும் சொல்லப்பட்டது. இது உண்மையாயின், விண்மீன் இறப்பைப் பற்றிய கோட்பாடு திருந்த வேண்டும். அன்றேல் அக்கருந்துளை, முன்னரே இரு சிறிய கருந்துளைகள் கூடிப் பிறந்த இரண்டாம் தலைமுறையாக இருக்க வேண்டும்.

அவ்வாண்டிலேயே சிகாகோவைச் சேர்ந்த மாயா ஃபிஷ்பாக், டேனியல் ஹோல்ஸ் இருவரும் இன்னொரு வாசிப்பைக் காட்டினர். அதுவரை அறியப்பட்ட கருந்துளைகளின் கூட்டத்தைச் சேர்ந்ததே இணையில் சிறியது என்று முற்கோள் கொண்டால் என்ன? அப்பொழுது சிறியது 48க்குக் கீழே இறங்குகிறது. பெரியது 113 அளவுக்கு ஏறி, வெற்றிடத்தின் மேற்கரையைத் தொடுகிறது. இரண்டும் இரு கரைகளில் நிற்க, இடையே வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கக்கூடும். 2021இல் ஹனோவரைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் நிட்ஸ், காலின் கபானோ இருவரும், நிறைகளின் விகிதம் மிகவும் ஏற்றத்தாழ்வாயிருக்கவும் இடங்கொடுக்கும் முற்கோளுடன் அதே பதிவைப் படித்து, 168, 16 என்னும் இணையைக் கண்டனர். பின்வந்த நுட்பமான அலைவடிவங்கள் அந்த வாசிப்பின் வலுவைக் குறைத்தன. வேறு சிலர், சுற்றுப்பாதை வட்டம் என்னும் முற்கோளையே விட்டு, நீள்வட்டம் என்று கொண்டு படித்தனர். இவை கருந்துளைகளே அல்ல, இன்னும் எவரும் கண்டிராத வேறுவகை விண்பொருள்கள் என்று வாசித்தோரும் உண்டு.

நான்கு அதிர்வுகளுக்கு இத்தனை உரைகள்! இதில் எவரும் கணக்குத் தவறவில்லை. அவ்வலை தெளிவாகச் சொன்னது, இணைந்த மொத்த நிறை மிகப் பெரிது என்பதையே. மொத்தத்தை இருவருக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதை அது மெல்லிய குரலில்தான் சொன்னது. குரல் மெலிந்த இடத்தில் முற்கோள் பங்கிட்டது. ஆகவே 'வெற்றிடத்தில் ஒரு கருந்துளை உள்ளது' என்னும் செய்திக்கு முன்னால் 'இன்ன முற்கோளின்படி' என்னும் சொற்களைச் சேர்த்துப் படிப்பதே முறை.

ஏட்டின் குரல்

இவ்வாறாயின், வேண்டிய முற்கோளைக் கொண்டு வேண்டிய முடிவைப் பெறலாமே என்று சிலர் நினைக்கலாம். அவ்வாறன்று. 2019 ஏப்ரல் 12 அன்று கேட்ட அலையின் வரலாறு இதற்கு விடை. அதில் இணைந்தவை 30, 8 என்னும் ஏற்றத்தாழ்வான கருந்துளைகள். இணையில் சுழற்சி இருப்பது தெரிந்தது. எது சுழல்கிறது என்பது நேரடியாகத் தெரியவில்லை. பொதுவான முற்கோளுடன் படித்த குழுவினர், பெரியதே சுழல்கிறது என்றனர். இல்யா மண்டேல், டாசோஸ் ஃபிராகோஸ் என்னும் இருவர் மறுத்தனர். இரட்டை விண்மீன்களின் வாழ்க்கையை ஆராய்ந்தால் முதலில் பிறக்கும் பெரிய கருந்துளை சுழற்சி குன்றியதாகவும், பின்னர்ப் பிறக்கும் சிறியது வேகமாய்ச் சுழல்வதாகவும் அமையலாம். அதையே முற்கோளாகக் கொள்ள வேண்டும் என்றனர். அப்படிக் கொண்டால் சுழற்சி சிறியதன் மேல் ஏறிவிடுகிறது.

இருவேறு முற்கோள்; இருவேறு முடிவு. தீர்ப்பு எப்படி? மைக்கேல் ஜெவின் என்பவரும் உடனாய்வாளரும் 2020இலேயே பல முற்கோள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின்படியும் இவ்வலை வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒப்பிட்டனர். பெரியது சுழலவில்லை என்னும் முற்கோளைவிட, அது சுழல்கிறது என்பதையே பதிவு விரும்புவதாகக் கண்டனர். பேய்ஸின் முறையில் உள்ள அழகு இதுதான். முற்கோள் ஏட்டின்மேல் ஏறி அமர்ந்தாலும், ஏடும் முற்கோளைத் தன் தராசில் நிறுத்துப் பார்க்கிறது. ஆனால் நிறுத்துப் பார்க்க வேண்டுமாயின், முற்கோள் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேட்டவையும் கேளாதவையும்

இதனினும் நுட்பமான முற்கோள் ஒன்றுண்டு. 1922இல் சுவீடன் நாட்டு வானநூலார் குன்னார் மால்ம்குவிஸ்ட், ஒளிமிக்க விண்மீன்கள் தொலைவிலிருந்தும் தெரிவதால் நம் பட்டியலில் அவை அளவுக்கு மீறி இடம்பெறுகின்றன என்று எடுத்துக்காட்டினார். கருந்துளைகளுக்கும் அதே விதி. 30, 30 நிறையுள்ள இணையின் அலை 10, 10 இணையின் அலையைவிட வலியது. எளிய கணக்கில் அதைக் கேட்கக்கூடிய விண்வெளியின் கனஅளவு ஏறக்குறைய 15 மடங்கு பெரிது. ஆகவே கேட்டவற்றை மட்டும் எண்ணி, வானத்தில் பெருங்கருந்துளைகளே மிகுதி என்று சொன்னால் பெரும்பிழையாகும். கேளாதவற்றுக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

தனியலைகளைக் கொண்டு கருந்துளைக் கூட்டத்தின் இயல்பை அறிகிறோம். அக்கூட்டத்தின் இயல்பை முற்கோளாகக் கொண்டு தனியலைகளை மறுபடி படிக்கிறோம். ஒரு புலவரின் பாட்டுகளைக் கொண்டு அவர் நடையை அறிந்து, அந்நடையைக் கொண்டு ஐயமான பாட்டைத் தெளிவது போன்றது இது. 2021 இறுதியில் 90 ஆக இருந்த அலைகள் 2025இல் வெளியான பட்டியலோடு 218 ஆயின. கூட்டம் பெருகப்பெருக வாசிப்பும் உறுதிப்படுகிறது. 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இணைகளில் சிறியவற்றை மட்டும் நோக்கினால் ஏறக்குறைய 45 மடங்குக்கு மேல் ஒரு வெற்றிடம் தென்படுவதாகக் கூறியது.

எனினும் ஐயம் தீர்ந்ததென்று கொள்ளற்க. 2023 நவம்பர் 23 அன்று கேட்ட அலையில் 137, 103 என்னும் பெருங்கருந்துளைகள் இணைந்து ஏறக்குறைய 225 ஆயின என்று 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இரண்டும் மிக வேகமாய்ச் சுழல்வன. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பல்வேறு முறைகளில் தோராயமாக்கிச் செய்த அலைவடிவங்கள் இவ்வலைக்கு வேறுவேறு நிறைகளைத் தந்தன. லாப்லாஸின் வியாழனை இங்கே நினைவுகூர்தல் தகும்.

பாடபேதம்

முற்கோளின் ஆட்சியைக் குறைக்க வழி உண்டா? முதல் வழி, தெளிவான ஏடு. 2025 ஜனவரி 14 அன்று வந்த அலை, 2015ஆம் ஆண்டினதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தெளிவானது. கருந்துளை தட்டிய மணிபோல் ஒலித்து அடங்கும் என்று 1970இல் காட்டியவர் பெங்களூரில் பிறந்த விஸ்வேஸ்வரா. கருந்துளைகள் இணையும்போது அவற்றின் மொத்தப் பரப்பு குறையாது என்று 1971இல் கூறியவர் ஸ்டீஃபன் ஹாக்கிங். அவ்வலையில் மணியொலியே தனியாகக் கேட்டது. 2,40,000 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு ஏறக்குறைய 4,00,000 ஆனதும் தெரிந்தது. அங்கே முற்கோள் ஒதுங்கி நின்றது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ கருவி ஒன்றை அமைக்க 2023இல் நடுவண் அரசு 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதுபோன்ற புதுச் செவிகள் கூடும்போது, இன்று தொலைவைத் தீர்மானிப்பதில் முற்கோளுக்குள்ள செல்வாக்கு இன்னும் சுருங்கும்.

இரண்டாம் வழி, நேர்மையான பதிப்பு. சுவடிகளை அச்சேற்றிய நம் பெரும்புலவர்கள் தாம் தேர்ந்த பாடத்தை மேலே இட்டு, பிற ஏடுகளில் கண்ட பாடபேதங்களைக் கீழே குறித்து வைத்தனர். அதனால்தான் பின்வந்தோர் அவர்களோடு மாறுபடவும் முடிந்தது. ஈர்ப்பலை ஆய்வினரும் தம் முற்கோள்களை எழுதி, பதிவுகளையும் உலகுக்குத் திறந்துவைத்துள்ளனர். மே 21 அலையை வேறுவகையாக வாசித்தவர்கள் இரகசியம் எதையும் திருடவில்லை; திறந்திருந்த ஏட்டையே எடுத்துப் படித்தனர்.

முற்கோள் இன்றி ஏடு படிப்பார் எவருமில்லை. அது அறிவின் குறையுமன்று. எதை எதிர்பார்த்து வந்தேன் என்பதை முதலில் சொல்லி, பிறகு எதைக் கண்டேன் என்று சொல்பவரோடு நாம் வாதிடலாம், அவரைத் திருத்தலாம், அவரிடமிருந்து கற்கலாம். 'நான் கண்டதை மட்டுமே சொல்கிறேன்' என்பவரோடு அவ்வாறு செய்ய இயலாது. வானத்தின் செய்தியைப் படிப்பவர்க்கு மட்டுமன்றி, நாளிதழையும் வரலாற்றையும் அண்டை வீட்டாரையும் படிக்கும் நம் எல்லோருக்கும் இது பொருந்தும்.